கீழ்த்தாடை, இடப்பக்கம்

நாலு. மூணு. ஏழு.
டாக்டர் நோரைனி சொல்லச் சொல்ல
தாதி எழுதுகிறாள்.
பாகாவ் அரசாங்கப் பல் கிளினிக்,
பதிவுக்கு ஒரு ரிங்கிட்.

செம்பனை ஆலையில் எண் சொல்வதுதான் என் வேலை.
லாரி எடைப்பாலத்தில் ஏறும், நான் சொல்வேன்,
மேகலா எழுதுவாள்.
இன்றைக்கு நான் லாரி.

மூன்று வருஷமாகப் பல் துலக்கினால் ரத்தம்.
பிரஷ் முரடு என்று நினைத்தேன்.
அப்புறம் வாடை.
மேகலா நாற்காலியைச் சன்னல் பக்கம் தள்ளிப் போட்டாள்,
காற்றுக்கு என்றாள்.
போன வெள்ளி கன்னம் வீங்கியது.
கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர்,
லாரிக்காரத் தவசி கொடுத்த ஏதோ மாத்திரை,
எதற்கும் இறங்கவில்லை.

"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை விழுந்திருக்கு, என்சிக்.
ஏழு மில்லிமீட்டர். அங்கே பிரஷ் போகாது."
சட்டைப் பையில் சில்லறை தங்காத எனக்கு
வாயில் பதினோரு பை.

"இனிப்புநீர் பார்த்தீர்களா?"
பார்க்கவில்லை. விரலில் குத்தினார்கள்:
பதினாலு.
அதையும் எழுதினாள் தாதி.

ஊசி போட்டு மரத்தபின்
சீழை வடித்து, ஈறுக்கடியில்
வேர்வரை சுரண்டினார்.
கரைந்த எலும்பு திரும்பி வராதாம்,
மிச்சத்தைக் காக்கலாமாம்.
ஆடுகிற இரண்டில் ஒன்று பிழைக்கலாம்.

எஃகுத் தட்டில்
என்னிலிருந்து பெயர்த்த கறுப்புக் காரை.
என் எடைப்பாலம்
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது.

திங்கட்கிழமை
மேகலாவின் நாற்காலி எங்கே கிடக்கிறதென்று
பார்க்க வேண்டும்.