சத்தமில்லாமல் திறப்பது

சுண்ணாம்புக் குகையில் ஆறு வருசம்
படுத்துக் கிடந்த போத்தல்.
பிறகு தலைகீழாய்ச் சாய்த்து
நாளுக்கொரு திருப்பு திருப்புவார்களாம்,
செத்த ஈஸ்ட் கழுத்துக்கு இறங்கும்வரை.
கழுத்தை உறையவைத்தால்
கசடை அதுவே துப்பிவிடுமாம்.

உப்புவெளி ஹோட்டலில்
பத்தாம் மேசைக்கு இன்றைக்கு அது.
வெடிக்கவேணும் என்கிறார் பிறந்தநாள்காரர்.
குசினிக்குள் பிலோமினாக்கா.
போன மாசம் ஒரு தக்கைச் சத்தத்துக்கு
தட்டுகளோடு நிலத்தில் விழுந்து படுத்தவ.

தக்கையை இறுக்கிக்கொண்டு
போத்தலைத்தான் திருப்புகிறேன்.
கார்ச் சில்லைப்போல் மூன்று மடங்கு அழுத்தம்
உள்ளங்கையில் முட்டி, முட்டி,
ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

கன்னியாக் கிணற்றில்போல
அடியிலிருந்து நூல் நூலாய்க் குமிழ்.
அவருக்கு ஏமாற்றம்.

துடைத்த துணியில்
பச்சை அப்பிளும் போறணைப் பாணும் மணந்தன.
பிலோமினாக்கா
பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தா.