யார் பார்த்தது

டிசம்பரில் வார்டோவுக்குச் சூரியன் வருவதில்லை.
வருவது வரிப்பட்டியல்.

யாருக்கு என்ன வருமானம், எவ்வளவு சொத்து,
எவ்வளவு கட்டினார்கள்,
யாரும் யாரையும் தேடிப் பார்க்கலாம்.
ஆனால் தேடியவர் பெயர்
தேடப்பட்டவருக்குத் தெரிந்துவிடும்.
இப்போதைய சட்டம் இது.

அப்போது அப்படியில்லை.
நகராட்சி மேசையில் ஒரு தடித்த புத்தகம்,
நூலில் கட்டிய பென்சில்.
மூன்று வாரம் திறந்தே கிடக்கும்.
செதில் ஒட்டிய விரல்களால்
ஊரே புரட்டும்.
படகின் எஞ்சின் வெடித்த வருஷம்
அப்பாவின் பெயருக்கு எதிரே
மூன்று கட்டத்திலும் பூஜ்யம்.
மறுநாள் பள்ளியில் ஹால்வர்
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் வட்டமாகச் சேர்த்து
என் முகத்துக்கு நேரே பிடித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
வட்டத்துக்குள்ளிருந்து அவன் கண் என்னைப் பார்த்தது.

அந்தப் புத்தகத்தைக் கடலில் எறிய வேண்டும் என்று
அன்றிரவு முடிவு செய்தேன்.

பதினெட்டு வயதில்
மீன் ஆலையில் கத்தி பிடித்தேன்.
கூலி உயர்த்தக் கையில் காசில்லை என்றார் முதலாளி.
கையை விரித்தும் காட்டினார்.
தரை கழுவும் போர்கில்ட்
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
ரப்பர் கையுறையைக் கழற்றாமலே நடந்துபோய்
புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.
அவர் கட்டிய வரி
அவள் கட்டியதைவிட நாற்பது குரோனர் குறைவு.
சாயங்காலம் கத்திகளைக் கழுவி வரிசையாக வைத்துவிட்டு
வெளியே வந்தோம்.
பன்னிரண்டு நாள்.
பதின்மூன்றாம் நாள் அவர் கையில் காசு இருந்தது.

எறிய நினைத்த புத்தகம்தான்.

எய்லெர்ட் என் தம்பி. ட்ரோம்சோவில் இருக்கிறான்.
அப்பா போனதும் என்னைக் கேளாமல் படகை விற்றான்.
என் பங்கை அனுப்பினான், திருப்பி அனுப்பினேன்.
பதினாறு வருஷமாகப் பேச்சில்லை.
ஆனாலும் பட்டியல் வெளியாகும் ராத்திரி
என் பக்கத்தில் ஒரு வரி வந்து நிற்கும்:
எய்லெர்ட் ஹோல்ம்விக், பிறப்பு 1966, ட்ரோம்சோ.
நானும் போய் அவனைத் தேடுவேன்.
எண்களைப் படிப்பதில்லை.
என் பெயர் அங்கே விழ வேண்டும், அவ்வளவுதான்.
கதவைத் தட்டிவிட்டு ஓடும் பிள்ளைகளைப் போல
இரண்டு கிழடுகள்.

(பக்கத்து வீட்டு ஓத்மாரும் என்னைத் தேடியிருக்கிறார்.
ரொட்டிக் கடையில் எதிர்ப்பட்டால்
தன் காலணியைப் பார்த்துக்கொள்கிறார்.
நல்ல குளிர் என்கிறேன் நான்.
நல்ல குளிர் என்கிறார்.)

இந்த வருஷம் எய்லெர்ட் வரவில்லை.
முதல் நாள். இரண்டாம் நாள்.
அவனைத் தேடினேன்.
பெயர் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது.
ஆனால் பட்டியல் பேசுவதெல்லாம்
போன வருஷத்தைப் பற்றி.

நான்காம் நாள் ஒரு புது வரி:
தூவா ஹோல்ம்விக், பிறப்பு 1994, ட்ரோம்சோ.
கடைசியாகப் பார்த்தபோது பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள்.

அவள் அப்பா எங்கே என்று
அந்த வரி சொல்லவில்லை.
ஏதோ ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கலாம்,
எந்தக் கட்டில், என்ன நோய்,
யாரை அழைக்கச் சொன்னான் என்பதெல்லாம்.
அது பூட்டிக் கிடக்கிறது.
பூட்டித்தான் கிடக்க வேண்டும்.
திறந்திருந்தால் பார்த்திருப்பேன்,
பொய் சொல்ல மாட்டேன்.

தூவாவைத் தேடினேன்,
எண்கள் வரும் இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.
இந்நேரம் அவள் பக்கத்தில் இருக்கும்:
ராங்ஃப்ரிட் ஹோல்ம்விக், பிறப்பு 1961, வார்டோ.

வெளியே பனி வாரும் வண்டி
தெருவை இரண்டாம் முறை சுற்றுகிறது.
போனின் சத்தத்தைக் கூட்டி
அடுப்பங்கரை ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.