செக்கனில் ஒரு பங்கு

கிண்ணியாப் பாலம், மாலை ஐந்தேகால்.
மா ஆலையில் இரவு முறை எட்டுக்குத்தான்.
நேற்றைய மா இன்னும் நகக்கண்ணில்.

ரிஸ்மினா இரவல் தந்த லென்ஸ்,
நானூறு மில்லிமீற்றர்,
பால்குடிப் பிள்ளையின் பாரம்.
இடது உள்ளங்கையில் ஏந்தி
முழங்கைகளை விலாவோடு ஒட்டுகிறேன்.

கச்சான் முதுகில் அடிக்கிறது.
வெயிலும் முதுகில்.
பறவை காற்றுக்கு முகம் கொடுத்தே எழும்பும்,
ஆகவே என் பக்கம்தான் வரவேண்டும்.

செக்கனை இரண்டாயிரத்து ஐந்நூறாய் நறுக்கி
அதில் ஒரு துண்டை மட்டும் திறந்து வைத்தேன்.
அதற்குக் கூலி, ஐ.எஸ்.ஓ. ஆயிரத்து அறுநூறு.
நிழலெல்லாம் மணல் தூவிவிடும்.
தூவட்டும்,
கடற்கரையில் பிறந்தவளுக்கு மணல் ஒரு குற்றமா?
வெள்ளை இறகு எரிந்துபோகாமல்
ஒளியை ஒரு படி இறக்கினேன்.

வலைக்கம்பில் ஆலா.
எச்சம் போட்டது.
அதுதான் சைகை:
பாரம் இறக்காமல் எதுவும் பறப்பதில்லை.

பாதம் இரண்டும்
அது போய்ச் சேரும் திசையில் முன்பே நட்டிருந்தேன்.
முறுக்கிய இடுப்பு மெல்ல அவிழ,
ஒரு கண் லென்ஸில், மறு கண் வானத்தில்,
விரல் எடுக்காமல் தொடர்ந்தேன்
அது குடாவில் குத்தி
மீனோடு வரும்வரை.
மூச்சு எங்கே விட்டேனோ தெரியாது.

காவலரணிலிருந்து கடற்படைப் பையன் வந்தான்.
"என்ன எடுக்கிற?"
"குருல்லா" என்றேன்,
எனக்குத் தெரிந்த பதினேழு சிங்களச் சொற்களில் ஒன்று.

கமெராவை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
நாற்பத்தொரு படம்.
ஒன்பதில் வெறும் வானம்.
பத்தாவதில் வால் மட்டும்.
பிறகு சிறகில்லாத தலை, தலையில்லாத சிறகு,
கூரிய தெளிவோடு பாலத்துக் கம்பி.
முப்பத்திரண்டாவதில் நின்றான்.
அலகில் மீன், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம்,
பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ கரைந்து கிடந்தது.

"இது?"

துவாரத்தை அகலத் திறந்திருந்தேன், ஐந்து தசம் ஆறு.
பறவைக்குப் பின்னால் எதுவும்
தன் பெயரோடு நிற்க முடியாது.
மேகத்துக்குச் சிங்களத்தில் என்ன?
விரலை மேலே காட்டினேன்.

அவனும் மேலே பார்த்தான்.
கச்சான் துடைத்த வானம், ஒரு பஞ்சுகூட இல்லை.
பிறகு கடலைப் பார்த்தான்,
அங்கே நின்ற தன் கப்பலை,
மறுபடி படத்தை.

அலகை மட்டும் பெரிதாக்கி
மீனின் வாலை எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம்.

ஏதாவது அழிக்கத்தானே வேண்டும்.
பின்னுக்குத் தள்ளிப் போய்
வெறும் வானத்தில் ஒன்றை அழித்தான்.

நாற்பது மிச்சம்.
பேட்டரியில் ஒரு கோடு.
கம்பில் மறுபடி ஆலா.