கதவின் அச்சு

மிச்சமிருந்த சாமான்களை எடுத்துப்போகத்தான் வந்தான் ஹெட்லி.
ஒரு டிரில் மெஷின், இரண்டு தூண்டில் கோல்கள்,
அவன் அப்பாவின் காற்றழுத்தமானி.
அரைமணி நேரம் போதும் என்றான்.
ஆணியிலிருந்து அதைக் கழற்றும்போதே
முள் இடப்பக்கம் விழுந்துகிடந்தது.
"இவ்வளவு கீழே நான் பார்த்ததில்லை."
நான் அவன் கோட்டை எடுத்து நீட்டினேன்.

காலையில் கதவைத் திறந்தால்
வெளியே இன்னொரு கதவு.
பனியில் வார்த்தது.
சட்டம், கைப்பிடிக் குழி, தபால் போடும் வாய்
எல்லாம் அச்சுப் பிசகாமல்.
டோபின் அதை மூன்றுமுறை தட்டினான்.
காத்திருந்தான்.
யாரும் வீட்டில் இல்லை என்று
எங்களிடம் வந்து சொன்னான்.

போனவிஸ்டாவுக்குத் தெற்கே
சாலை என்று ஒன்றுமில்லை என்றது ரேடியோ.
பிறகு மின்சாரம் போனது.
பிறகு ரேடியோவின் பேட்டரி.

விறகு அடுப்பு இருக்கும் அறை ஒன்றுதான்.
நாலு மெத்தையும் அங்கே வந்தன.
யார் யார் பக்கத்தில் என்பதை
டோபின் முடிவு செய்தான், ஐந்து வயது நீதிபதி;
வக்கீல் கட்டணம் இல்லை.

ஹெட்லியின் குவளையில்
போன மாதம்தான் பென்சில்களைப் போட்டு வைத்திருந்தேன்.
மேவிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பென்சில்களை மேசையில் கொட்டினாள்,
குவளையை உருகிய பனியில் கழுவினாள்,
தேநீரை ஊற்றி அவன்முன் வைத்தாள்.
பன்னிரண்டு வயதில் இவ்வளவு சத்தமாக
யாரும் மௌனமாக இருந்து நான் கண்டதில்லை.

ஃப்ரீசரில் இருந்த கடமான் இறைச்சியை
பனிக்கதவில் மாடம் வெட்டி வைத்தோம்.
பால், வெண்ணெய், ஒரு பாட்டில் பீட்ரூட் ஊறுகாய்.
சீட்டு விளையாடினோம்.
அவன் இன்னும் ஏமாற்றித்தான் ஆடுகிறான்.

புதனோ வியாழனோ, ராத்திரி,
விறகை வைத்து ஒரு சண்டை.
எத்தனை கட்டை மிச்சம், யார் எண்ணியது தப்பு.
பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று
கிசுகிசுத்தே திட்டிக்கொண்டோம்.
கத்திப் பழகியவர்களுக்கு அது கைவரவில்லை.
வசையின் பாதியில் அடுத்த சொல் மறந்துபோய்
அவன் என்னைப் பார்த்தான், எடுத்துக் கொடு என்பதுபோல.
எனக்குத் தெரியும் அந்தச் சொல்.
கொடுக்கவில்லை.

மறுநாள் புகை உள்ளே திரும்பியது.
புகைபோக்கியைப் பனி மூடிவிட்டிருந்தது.
மாடி ஜன்னல் வழியே அவன் கூரைக்கு ஏறினான்.
இடுப்பில் கயிறு. மறுமுனை
கட்டில் காலைச் சுற்றி என் கையில்.
ஒரு இழுப்பு என்றால் விடு,
இரண்டு என்றால் பிடி.
ஜன்னலுக்கு வெளியே வெள்ளை.
மேலுமில்லை கீழுமில்லை, ஒரே இரைச்சல்.
அந்த இருபது நிமிடமும்
எனக்குப் புருஷன் என்று இருந்தது
உள்ளங்கையில் உரசும் நைலான் மட்டும்.
விட்டேன். பிடித்தேன். விட்டேன்.
நடுவில் ஒருமுறை
காரணமில்லாமல் நானே இழுத்தேன்.
அங்கிருந்து உடனே ஒரு இழுப்பு வந்தது.

முகமெல்லாம் கரியோடு இறங்கினான்.
சூப் இருக்கிறது என்றேன்.
அதைப்பற்றி அவனும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் காற்று நின்றபோது
காது வலித்தது.
பெர்சியின் டிராக்டர் எங்கோ இருமிற்று.
பனிக்கதவை வெட்டிக்கொண்டு வெளியே போனோம்.
அவன் முதலில் என் காரைத் தோண்டியெடுத்தான்,
பிறகுதான் தன்னுடையதை.
மத்தியானம் ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் ஏற்றினான்.
காற்றழுத்தமானியைப் போர்வையில் சுற்றி
முன்சீட்டில் வைத்து
பெல்ட் போட்டுவிட்டான்.
டோபின் கையசைத்தது
அவனுக்கா அதற்கா தெரியவில்லை.

மேவிஸ் குவளையைக் கழுவிக் கவிழ்த்தாள்.
பென்சில்கள் மேசையிலேயே கிடக்கின்றன.
அந்த ஆணியில்
டோபினின் ஒற்றைக் கையுறை காய்கிறது.
மற்றது பனிக்குள் எங்கோ இருக்கிறது.
ஏப்ரலில் கிடைக்கும்.