தற்காலிகப் பல்

ஜனவரி. இரண்டாம் பிளாட்பாரத்து உறைபனியில்
பச்சைக் கொடியோடு விழுந்தேன்.
கொடிக்கு ஒன்றுமில்லை.
மேல்வரிசை முன்பல் ஒன்று
தண்டவாளச் சரளைக்குள் போய்விட்டது.
நானும் பாயிண்ட்ஸ்மேன் ஓந்த்ரேயும்
டார்ச் அடித்துத் தேடினோம்.
சரளைக்கல் ஒவ்வொன்றும்
பல்லாகவே தெரிந்தது.

எலும்புக்குள் திருகாணி வைத்து
எலும்பு அதைத் தன்னுடையதென்று நம்ப
ஆறு மாதம் பிடிக்கும் என்றார் டாக்டர் ஹுடாகோவா.
அதுவரை இடத்தைக் காலியாக விடாதீர்கள்,
பக்கத்துப் பற்கள் சாய்ந்துகொள்ளும்.
காலி இருக்கையைக் கண்டால்
கால் நீட்டாதவர் உண்டா,
ரயில்காரிக்கு நான் சொல்ல வேண்டுமா?

மேசைமேல் சிலது எடுத்து வைத்தார்.
கண்ணாடி போலொரு உறை, உள்ளே ஒரு பல்.
சூடாக எது குடித்தாலும் நெளியுமாம்.
நான் ஒரு ஷிப்டில் ஒன்பது தேநீர் குடிப்பவள்.
பக்கத்துப் பற்களின் முதுகில்
பசை போட்டு ஒட்டும் இறக்கை வைத்த பல்,
அழகு.
விலை கேட்டேன், பறந்துவிட்டது.
மிச்சமிருந்தது ரோஜா நிறத் தகடு,
அதன் ஓரத்தில், எல்லோரும் வீட்டுக்குப் போன வகுப்பில்
உட்கார்ந்திருக்கும் பையன் மாதிரி
ஒற்றைப் பல்.
அதுதான் எனக்கு.

பல் போனால் சொல் போச்சு என்பது
எந்த ஊருக்குப் பொருந்தாவிட்டாலும்
எங்கள் தடத்துக்குப் பொருந்தும்.
ஸ்பிஷ்ஸ்கா நோவா வெஸ்.
ஸ்பிஷ்ஸ்கே வ்லாஹி.
கோஷித்ஸே. ஷ்ட்ர்பா.
பல்லை நம்பிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
மைக்கைத் திறந்தேன்.
ஒவ்வொரு ஸகரத்துக்கும் தகடு நூலளவு எழும்ப
அடியில் காற்று புகுந்து
சீழ்க்கை.
மூன்றாம் பிளாட்பாரத்தில் ஒரு நாய்
தலையைத் தூக்கிப் பார்த்தது.
"அடுப்பில் கெட்டில் கொதிக்கிறதா, அம்மா?"
போனில் என் மகள் ஸோரா.

இரவில் கழற்றிக் கோப்பைத் தண்ணீரில் போட்டுவிடுவேன்.
நாக்குக்குத்தான் தூக்கமில்லை.
போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வரும்.
தையல் போட்ட ஈறுக்கடியில்
எலும்பு வளரும் சத்தம் கேட்குமோ என்று
விளக்கை அணைத்துவிட்டுக் கிடந்திருக்கிறேன்.
சரக்கு வண்டிச் சத்தம்தான் கேட்டது.

மே மாதம்
பிராத்திஸ்லாவாவிலிருந்து இரண்டு பையன்கள்
ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்கள்.
இனி அறிவிப்பெல்லாம் கணினி.
குரல் மட்டும் உங்களுடையது,
இருபத்திரண்டு வருஷமாக ஜனங்களுக்குப் பழகிய குரல்.
எல்லா ஊரும் வேண்டும், எல்லா எண்ணும் வேண்டும்,
ஐந்து நிமிடத்திலிருந்து நூற்றெண்பது நிமிடம் வரை
எல்லாத் தாமதமும் வேண்டும்.
அக்டோபர் வரை பொறுங்கள், என் பல் வருகிறது என்றேன்.
ஒப்பந்தம் ஜூனில் முடிகிறதே என்றான்
காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவன்,
என் வாயைப் பார்க்காமல்.
தகட்டைக் கழற்றிவிட்டுப் படித்துப் பார்த்தேன்.
ஸகரமெல்லாம் தகரமானது.
மறுபடி மாட்டிக்கொண்டேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு, ஆம், அந்தப் பல்லையும்தான்,
மூன்று நாள் படித்தேன்.

அக்டோபரில் டாக்டர் கண்ணாடியை நீட்டினார்.
பார்ப்பதற்கு முன்பே சொன்னேன்:
ஸ்பிஷ்ஸ்கா நோவா வெஸ்.
ஊசியில் நூல் கோத்த மாதிரி போயிற்று.
பழைய தகட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்,
இருக்கட்டும், ஆபத்துக்கு உதவும் என்று.

அன்று விடுமுறை எனக்கு.
பயணிபோலவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
தலைக்குமேல் அவள் ஆரம்பித்தாள்,
கோஷித்ஸே செல்லும் வண்டி
பத்து நிமிடம் தாமதம் என்று,
ஒரு ஊர் விடாமல் சீழ்க்கையடித்து.
கடைசியில் மன்னிப்பும் கேட்டாள்.
பக்கத்தில் முட்டைக்கோசுப் பையோடு இருந்த பெண்
என்னிடம் சலித்துக்கொண்டாள்:
பாவம், இவளுக்கு ஒரு நல்ல பல் டாக்டரை
யாரும் சொல்லக்கூடாதா?

எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துவைத்தேன்.
கைப்பைக்குள் விரல் விட்டுத் துணியைத் தொட்டேன்.
அதற்கு வேலை போகவில்லை.
தினம் நாற்பத்தொரு ரயிலை
அதுதான் அனுப்பிவைக்கிறது.