பில் புத்தகத்தில் ஒன்பது புள்ளி

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
அந்தப் பக்கம் டீ குடிக்கப் போனால்
கேரளா வரவேற்கிறது என்று பைக்குள் துடிக்கும் போன்.
திரும்பி வந்தால் தமிழ்நாடு வரவேற்கும்.
நாளைக்கு நாலு டீ, எட்டு வரவேற்பு.

பில் புத்தகத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறேன்
மூன்றுக்கு மூன்று புள்ளி.
பெயர், மாடல், என்ன கோளாறு,
அப்புறம் பேனாவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு
மின்விசிறியைப் பார்ப்பேன்.

பாதிப் பேர் எல் போடுவார்கள்.
அதைப் பூட்டு என்று சொல்ல முடியாது,
கதவைச் சாத்திவைப்பது.
லாட்டரி வேலாயுதன் ஏழு மாதிரி இழுத்தான்,
ஏழில் முடிந்த சீட்டு எதுவும் அவனுக்கு விழுந்ததில்லை.
ஷைனி சிஸ்டர் எழுத மாட்டேன் என்றார்.
கண்ணாடி மாற்றி முடியும்வரை இரண்டு மணி நேரம்
ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்பவர் போல நின்றார்.
எப்போதும் உள்ளே நிற்பவர்.

ஆறுச்சாமி போட்டது வேறு யாரும் போடாதது.
கீழிருந்து ஏறி, நடுவைத் தொடாமல் சுற்றி,
கடைசியில் நடுவில் வந்து நின்றது.
கார்பனில் அழுத்தமாக விழுந்திருந்தது.
சிம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு
சாயங்காலம் வர்றேன் என்று தேங்காய் லாரியில் ஏறினான்.

ஏழு மாதம்.

கொடுத்த நம்பர் அணைந்திருப்பதாக
மலையாளத்தில் ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்.
பேட்டரி செத்துவிடக் கூடாதென்று
செவ்வாய்க்கிழமைதோறும் சார்ஜ் போட்டேன்.
பூட்டின முகப்பில் ஒரு சிறுமி, முன்பல் இரண்டு இல்லை,
அவள் நெற்றிமேல் மணி ஓடும்.
தினமும் மூன்று ஐம்பதுக்கு அலாரம்:
பாப்பா ஸ்கூல்.
நிறுத்துவதற்குத் திறக்க வேண்டியதில்லை,
ஒரு தேய்ப்பு போதும்.
பற்றவைக்கிற வேலையைப் பாதியில் விட்டு எழுந்துபோவேன்,
எங்கோ ஒரு கேட்டில் அவள் நிற்பதுபோல.

பில்லைப் பார்த்துத் திறந்திருக்கலாம்.
இரண்டு முறை புரட்டினேன்.
ஒரு முறை நாலு புள்ளிவரை போய்
விரலை எடுத்துவிட்டேன்.
தப்பு என்று அதிர்ந்தது போன்.
தப்புதான்.

மாசிக் கடைசியில் வந்தான்.
வலது கையில் கட்டைவிரல் இருந்த இடம் தழும்பு.
வடக்கஞ்சேரி தாண்டி ஓர் இறக்கம் என்றான்,
அதற்குமேல் சொல்லவில்லை.
அலாரத்தைப் பற்றிச் சொன்னேன்.
இப்ப அவளே சைக்கிள்ல வந்துர்றா என்றான்.
போனை வாங்கி இடது கையால் இழுத்தான்.
தப்பு. மறுபடி தப்பு.
எனக்கெங்க தெரியுதுங்க, வெரலுதானுங்க போடும்.
ஐந்தாவது தப்புக்கு முப்பது நொடி பொறு என்றது.
பொறுத்தோம், இரண்டு பேரும்.
செக்போஸ்ட்டில் ஒரு டிரைவர்
தார்ப்பாயை அவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

பழைய புத்தகத்தை எடுத்து விரித்தேன்.
கீழே இடது ஓரம், நேரே மேலே, அப்படியே சுற்றி என்று
ஒவ்வொரு புள்ளியாக நான்தான் சொன்னேன்.
தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.
அப்புறம் எனக்கு முதுகைக் காட்டி நின்று
மறைத்துக்கொண்டு போட்டான்.