இரண்டு பேப்பர் பாக்கி

பேர்ணாம்பட்டு இ-சேவை மையம்,
டோக்கன் நாற்பத்தொன்று.
ஃபேன் சுற்றுகிறது; காற்று வேறெங்கோ போகிறது.
மே மாத வெயில் எங்களுக்கு முன்னாலேயே வந்து
வரிசையில் நிற்கிறது.

தங்கை ஜெபசீலி மடியில் ஃபைல்:
மார்க் ஷீட், சாதிச் சான்று, ரேஷன் கார்டு.
மிஷினில் அப்பா விரல் வைத்தார்.
விழவில்லை.
துடைத்துவிட்டு வைத்தார். ஊதிவிட்டு வைத்தார்.
இருபத்திரண்டு வருஷம் தோல் ஷாப்பில்
சுண்ணாம்புத் தொட்டி தின்ற ரேகை.
"கண்ணக் காட்டுங்க" என்றான் பையன்.
காட்டினார்.
கண் இன்னும் அவருடையதாகவே இருந்தது.

"வருமானச் சான்று மட்டுமா?
முதல் பட்டதாரிக்கும் போட்டுடலாமே,
வருஷத்துக்கு இருபத்தஞ்சாயிரம் கழியும்."

"எங்களுக்கு வராதுங்கண்ணா," என்றாள் ஜெபசீலி.
"அக்கா பி.எஸ்சி. முடிச்சிட்டாங்க."
அதைச் சொல்லும்போது
அவள் தோள் கொஞ்சம் உயர்ந்ததைப் பார்த்தேன்.

மூன்று வருஷம் குடியாத்தம் பஸ் படியில்
ஒரு காலில் போனவள்தான் நான்.
கணிதம். கடைசி செமஸ்டர்.
ரியல் அனாலிசிஸ் அன்று
அம்மாவின் ஆபரேஷனுக்கு
பி நெகட்டிவ் தேடி
வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன்.
மெக்கானிக்ஸ் அன்று ஹாலுக்குப் போனேன்.
மூன்றாவது கேள்வியில் தூங்கிவிட்டேன்.

அப்புறம் ஷூ கம்பெனி வேன்.
காலை ஆறே கால், ஆம்பூர் ரோடு.
ஒரு நாளைக்கு நானூறு மேல்தோல்
என் ஊசிக்கடியில் போகும்,
எல்லாம் இடது கால்.
வலது கால் தைப்பவள் யாரென்று
எனக்குத் தெரியாது.

சித்தப்பாவிடம் சொன்னேன்: ரிசல்ட் வரணும்.
சர்ச்சில் சொன்னேன்: கன்வகேஷன் தள்ளிப் போச்சு.
பெண் பார்க்க வந்தவர்களிடம்
அப்பாவே சொல்லிவிட்டார்.
அந்த மூன்று எழுத்தை
அவர் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்ன விதத்தில்
நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு
உள்ளே போய்விட்டேன்.

பையனின் விரல் கீபோர்டு மேல் நிற்கிறது.
பின்னால் டோக்கன் நாற்பத்திரண்டு இருமுகிறார்.

"இல்ல," என்றேன். "முடிக்கல.
ரெண்டு பேப்பர் பாக்கி."

ஃபேன் சத்தம் அப்போதுதான் கேட்டது.
ஜெபசீலி என்னைப் பார்க்கவில்லை;
ஃபைலின் ரப்பர் பேண்டை
இழுத்து விட்டாள், இழுத்து விட்டாள்.

"நல்லதாப் போச்சு," என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான்
என்ன சொன்னோமென்று அவருக்குப் புரிந்தது.
எழுந்து வெளியே போனார்.
திரும்பி வரும்போது கையில்
மூன்று ரோஸ் மில்க்.
அவருக்கு வாங்கிக்கொள்ளவில்லை;
மூன்றாவது அந்தப் பையனுக்கு.

'குடும்பத்தில் பட்டதாரி எவருமில்லை
என உறுதி கூறுகிறோம்.'
கீழே கையெழுத்துப் போட்டேன்,
டிகிரி வந்தால் எங்கெல்லாமோ போட வேண்டுமென்று
நோட்டின் கடைசிப் பக்கங்களில்
பழகி வைத்திருந்த கையெழுத்து.
முதல் உபயோகம்.

ஆகஸ்டில் அவள் ராணிப்பேட்டை பஸ் ஏறினாள்.
ஒரு வாரம் பேசவில்லை.
எட்டாம் நாள் இரவு, இருட்டில் கேட்டாள்:
"அக்கா, லிமிட்னா என்னக்கா?"
இரண்டு மணி வரை சொன்னேன்.
ஒரு புள்ளிக்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும்
போய்க்கொண்டே இருக்கலாம் என்றேன்,
அதைத் தொடாமலே.

அக்டோபரில் அரியர் ஃபீஸுக்குக் கடைசி நாள்.
அதே மையம், டோக்கன் ஏழு.
"நீங்க முடிச்சா தங்கச்சி சான்றுக்கு ஏதாவது ஆகுமா?"
என்று நான் கேட்பதற்குமுன் அவனே கேட்டான்.
"தெரியல" என்றும் அவனே சொன்னான்.

ரியல் அனாலிசிஸுக்கு மட்டும் கட்டினேன்.
மெக்கானிக்ஸ் இருக்கட்டும்.
எழுதினால் பாஸாகிவிடுவேன்,
அதுதான் பயம்.